ஏரியில் இறங்க ஆள் தேவை

முழங்கால் வரைக்கும் தண்ணீர். இரண்டு கையாலும் ஒரு பூசணிக்காயைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். அதன் தலையில் வைத்த கற்பூரம் அணைந்துவிட்டது. என் இடுப்பில் மாடு கட்டும் கயிறு. கயிற்றின் மறுமுனையைக் கரையில் நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்கள்.

"சிஸ்டர், இன்னும் ரெண்டடி உள்ள போங்க!" என்று ஒரு குரல் அதட்டுகிறது.

குரலுக்கு உரியவர் ஏழுமலை அண்ணன், என் நோயாளி. டிராக்டர் டிரெய்லரின் மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருக்கிறார். தூறலுக்கு ஒருவர் அவருக்குக் குடை பிடிக்கிறார். எனக்குக் குடை பிடிக்க யாரும் இல்லை.

புயல் கரையைக் கடந்த நான்காம் நாள் அது. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையில் ஒரு கிராமத்து ஏரி. ஊரின் பெயரைப் போட்டால் அண்ணன் சண்டைக்கு வருவார். போடாவிட்டாலும் வருவார். அதனால் போடவில்லை.

மலேசியாவிலிருந்து தொண்டு செய்ய வந்த அறுபத்தொரு வயது நர்ஸ் இந்தக் கோலத்தில் எப்படி வந்து நின்றாள் என்று நீங்கள் கேட்பது நியாயம். அன்று நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுக்காரி எங்கே?

தைப்பிங் அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "அம்மாவுக்கு அதட்டுறதுக்கு ஆள் வேணும், நாங்க பத்தலை" என்றாள் என் மகள். அவளே இணையத்தில் தேடி, ஒரு சிறிய தொண்டு அமைப்பைக் கண்டுபிடித்தாள். செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே போய், காலில் வந்த புண்ணுக்குக் கட்டுப் போட நர்ஸ் வேண்டுமாம். ஆறு மாதம். மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

செஞ்சி பஸ் நிலையத்தில் மாலையோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் இறங்கினேன். அவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் கோழிக் கூடையோடு ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. 'வெளிநாட்டுத் தொண்டர்' என்றதும் அவர்கள் மனதில் ஒரு வெள்ளைக்காரி இருந்திருக்கிறாள். வந்தது என்னவோ அவர்களுடைய பெரியம்மா ஜாடையில் ஒருத்தி.

"நான்தான்லா" என்றேன். மாலையைப் போட்டார்கள். போட்ட வேகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

கிராமங்களில் இன்னொரு சிக்கல். போகிற வீட்டிலெல்லாம் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். தைப்பிங் என்றால், "அது கெடக்குது, சொந்த ஊரு இன்னா?" என்றார்கள். எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் மழை

சென்ற வாரம் இந்தப் பகுதியில் செஞ்சியின் வெயிலைப் பற்றி நான் புலம்பியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு மழையாவது பிடித்ததா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மழையை நான் முதலில் மதிக்கவே இல்லை, ஐயா.

தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு சாயங்காலம் மழை பெய்யாவிட்டால் ஆளுக்கு ஆள் நலம் விசாரிப்போம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள், ஐப்பசியில் செஞ்சியில் முதல் மழை பெய்தபோது குடை இல்லாமல் கடைவீதியில் நடந்தேன். "இதெல்லாம் ஒரு மழையா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்களோ, மழை கேட்டுக்கொண்டு கோபித்துக்கொள்ளப் போகிறதே என்பதுபோல மேலே பார்த்தார்கள்.

கார்த்திகையில் டி.வி.யில் புயல் என்று சொன்னபோதும் நான் அசரவில்லை. எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். எங்கள் நாட்டில் மழை நேராக மேலிருந்து கீழே விழும். புயல் என்பது அங்கே வருவதே இல்லை. மழையில் நான் கைதேர்ந்தவள், காற்றில் கைக்குழந்தை.

கிராமங்களிலோ புயல் சேதி கேட்டுக் கொஞ்சம் பயமும் நிறைய சந்தோஷமும். "வரட்டும் சிஸ்டர், வந்தாத்தான் ஏரி ரொம்பும்" என்றார்கள். கூரைக்கு மேல் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டே இதைச் சொன்னார்கள்.

எட்டு விரல்

இனி ஏழுமலை அண்ணன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு மாடு, அஞ்சலை என்ற மனைவி, ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு மகன், கால்களில் மொத்தம் எட்டு விரல்.

மற்ற இரண்டு விரல்களும் சில வருடங்களுக்கு முன் போயின. இடது காலில் முள் ஏறியிருக்கிறது. சர்க்கரையால் காலுக்கு உணர்ச்சி குறைந்துபோனதால் வலி தெரியவில்லை. தெரிந்தபோது விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் போன சமயத்தில் அதே காலின் கட்டைவிரலுக்கு அடியில் புதிதாக ஒரு புண். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுத்தமா, காய்ஞ்சு இருந்தா ஆறிடும். அழுக்குத் தண்ணி பட்டு சீழ் பிடிச்சா, இந்தத் தடவை விரலோட நிக்காது."

ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். ஒவ்வொரு முறையும் அதே மூன்று கட்டளைகள். ஈரம் படக்கூடாது. செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. கழுவினால் விரல் இடுக்கை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைக்க வேண்டும். நான் வாசலில் செருப்பை விடும்போதே அண்ணன் என் குரலிலேயே மூன்றையும் ஒப்பித்துவிடுவார். கடைசியில் எங்கள் மலேசியப் பேச்சின் 'லா' ஒன்றையும் சேர்த்துக்கொள்வார். அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

கேலி செய்தாலும் சொன்னதைச் செய்தார். கொட்டைப்பாக்கு அளவு இருந்த புண் மிளகு அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போய் வந்த நாளெல்லாம் சாயங்காலம் அந்தக் காலின் போட்டோவை என் மகளுக்கு அனுப்பினேன். பேரப்பிள்ளை போட்டோவைக்கூட நான் அப்படி யாருக்கும் அனுப்பியதில்லை என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

புயலுக்கு இரண்டு நாள் முன்பு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

"சிஸ்டர், இந்தத் தபா ஏரி கோடி போவும்."

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு கல்கட்டு இருக்கிறது. அதைத்தான் கோடி என்கிறார்கள். தண்ணீர் அதன் மேல் வழிந்தால் 'கோடி போவுது' என்று ஊரே திரண்டு வரும். ஆனால் முதலில் யாரும் இறங்கக்கூடாது. ஏழுமலை அண்ணன் வீட்டு ஆள் ஒருவர், வெறுங்காலோடு அந்த ஓட்டத்தில் இறங்கி, பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் விட வேண்டும். அதற்கப்புறம்தான் ஊர் இறங்கும், பிள்ளைகள் குளிக்கும், வலை விழும்.

"எங்க நைனா எறங்கனாரு. அவருக்கு அப்பறம் நான் ரெண்டு தபா எறங்கனேன். கடைசியா எறங்கசொல்ல எம் பையன் அஞ்சாவது படிச்சிக்கினு இருந்தான். அதுக்கு அப்பறம் ஏரி ரொம்பவே இல்ல சிஸ்டர்."

"அண்ணே, அந்தத் தண்ணியில ஊர் அழுக்கு முழுசும் வரும். இறங்கினா கால் போயிடும்."

"கோடி போவட்டும். அப்பறம் பாக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். புயலில் நான் வர முடியாமல் போகலாம் என்று, கட்டுப் போடுவதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் அஞ்சலையிடம் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டிவிட்டு வந்தேன்.

மூன்றரை மணிச் சாப்பாடு

செஞ்சியில் நான் குடியிருந்தது பத்மாவதி அம்மாள் வீட்டு மாடி அறையில். அவர்கள் தமிழ் ஜைனர்கள். மேல்சித்தாமூரில் நிலம் உண்டு. பொழுது சாய்ந்தால் அவர் வாயில் ஒரு பருக்கை படாது. ஐந்தரைக்குள் ராச்சாப்பாடு முடிந்துவிடும். முதல் வாரம் பசியில் தவித்தேன், அப்புறம் பழகிவிட்டது.

புயலன்று காற்று தொடங்கியதும் நான் என் அறையை விட்டுக் கீழே ஓடி வந்துவிட்டேன். எதிர்வீட்டுத் தகரம் ஒன்று எங்கள் மொட்டைமாடியில் வந்து விழுந்தது. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பத்மாவதி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதெல்லாம் ஒரு மழையா என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கெல்லாம் கும்மிருட்டு. கரண்ட் போய்விட்டது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை இருந்த இடமே தெரியவில்லை. பத்மாவதி அம்மாளுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"சூரியன் இருக்கானா போய்ட்டானான்னு தெரியலியே சிஸ்டர். எதுக்கு வம்பு, சாப்ட்டுடலாம்."

மூன்றரைக்கு ராச்சாப்பாட்டை முடித்தோம். நாலே முக்காலுக்கு மேற்கே மேகம் சற்று விலகி, சூரியன் பளிச்சென்று எட்டிப் பார்த்தது. பத்மாவதி அம்மாள் ஜன்னலில் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னும் போவல. தோச ஊத்தட்டுமா?"

அந்த நாளில் நான் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

அடுத்த மூன்று நாளும் மழை விடவில்லை. போன் செத்துவிட்டது. அவலூர்பேட்டைச் சாலையை ஓடைத் தண்ணீர் அறுத்துவிட்டதால் பஸ் இல்லை. எனக்கு ஒரே நினைப்பு அந்த இடது கால்தான். ஏரி நிரம்பியிருக்கும், மனுஷன் இறங்கியிருப்பார் என்று மனம் அடித்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்றேன், நின்ற இடத்தில் நடந்தேன்.

"இத்தன வருஷமா அந்தக் கால அவருதானே வெச்சிக்கினு இருக்காரு? மூணு நாளு பாத்துக்க மாட்டாரா?" என்றார் பத்மாவதி அம்மாள்.

"அவரை நம்பி விட்டதிலதான் ரெண்டு விரல் போச்சும்மா" என்றேன்.

யூரியா பை

நான்காம் நாள் காலை, பால் ஏற்றி வந்த ஒரு டிராக்டரைக் கெஞ்சி ஏறிக்கொண்டேன். ஓடையை அது நீந்தாத குறையாகத் தாண்டியது. ஊருக்குள் ஒருவரையும் காணோம். எல்லோரும் ஏரிக்கரையில். கோடியில் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே வழியத் தொடங்கிவிட்டதாம். யாரும் இறங்கவில்லை. கரை நெடுக ஆட்கள், தட்டோடு பெண்கள், வலையோடு ஆண்கள், எல்லோரும் காத்திருந்தார்கள்.

நடுவில் ஏழுமலை அண்ணன், நாற்காலியில். இடது காலில் முழங்கால் வரை யூரியா பையை மாட்டி, மேலே சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

நான் முதலில் பையைக் கழற்றிக் காலைப் பார்த்தேன். கட்டு காய்ந்திருந்தது. பிரித்தேன். புண் அதே மிளகளவு. அங்கேயே புதுக் கட்டைப் போட்டேன்.

"மூணு நாளு கட்டிலவுட்டு எறங்க வுடல சிஸ்டர்" என்றாள் அஞ்சலை. "இவரு ஊணுகோல அரிசி டிரம்முல போட்டு மூடி, அதும் மேல நானே குந்திக்கினேன். இன்னிக்கி ஊரே வந்து தூக்கிக்கினு வந்துட்ச்சி."

"பை கட்டிக்கினேன் இல்ல, ஒரு சொட்டு உள்ள போவாது" என்றார் அண்ணன்.

நான் பையைத் தண்ணீரில் முக்கி, நிறைய மொண்டு, அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அடித்தையல் வழியாக நீர் சொட்டியது. முதலில் சொட்டாக, அப்புறம் நூலாக. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, தண்ணி வெறுமனவே போவட்டுமா?" என்று கேட்டார்.

கேலி போய்விட்டது அந்தக் குரலிலிருந்து. கண் கலங்கியிருந்தது. அத்தனை வருடம் காய்ந்து கிடந்த ஏரி. கடைசியாக இறங்கியபோது ஐந்தாவது படித்த பையன் இப்போது கம்பெனிக்குப் போகிறான், அவனும் பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். இந்த மனிதரைத் தடுக்க நான் யார்? ஆறு மாதத்துக்கு வந்தவள். ஒரு நிமிடம், போனால் போகிறது இறங்குங்கள் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

உரிமை கேட்காத ஆள்

"அவருக்குப் பதிலா வேற யாராவது இறங்கலாமே?" என்று கேட்டேன். கரையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

அஞ்சலைதான் என் காதோரம் விளக்கினாள். இன்றைக்கு ஒரு வீட்டு ஆள் இறங்கினால், அடுத்த தடவை அந்த உரிமை தங்களுடையது என்று அந்த வீட்டார் கேட்பார்கள். இன்னொரு வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பஞ்சாயத்து, போலீஸ் என்று போகும். அவளே இறங்கலாமே என்றால், கரையில் தட்டேந்தி நிற்கிற வேலை அவளுடையது. அதை விட்டு இறங்கினால் அந்த இடத்துக்கு ஒரு சண்டை வரும்.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"சிஸ்டரு எறங்கட்டும்" என்றாள் சத்தமாக.

"நானா?"

"அவுங்க எங்க வூட்டு ஆளு. ஒருநாள் வுட்டு ஒருநாள் எங்க வூட்டுலதான் காபி குடிக்கறாங்க. அடுத்த வருஷம் யாரு உரிம கேக்கப் போறாங்க? பிளேன் ஏறிப் போய்டுவாங்க."

கரையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எந்த ஊர் என்று யாரோ கேட்டார்கள். "அவுங்களுக்கே தெரியாதாம்" என்று யாரோ பதில் சொன்னார்கள். அதுவரை எல்லோரும் இரக்கப்பட்ட விஷயம் திடீரென்று பெரிய தகுதியாகிவிட்டது. சொந்த ஊர் இல்லாதவளால் யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டு பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும் என் கால்களைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டுங்க சிஸ்டர்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கட்டளை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவரை நாற்காலியோடு டிரெய்லரில் தூக்கி வைத்தார்கள். என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். அஞ்சலை தட்டிலிருந்து பூசணிக்காயை எடுத்துக் கொடுத்தாள். கல்கட்டுக்குக் கீழே, நீர் விழுந்து ஓடும் பள்ளத்தில் இறங்கினேன். இந்தக் கதையின் தொடக்கத்துக்கு வந்துவிட்டோம்.

"இன்னும் ரெண்டடி!"

கற்பூரம் மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை பற்றிக்கொண்டது. "வுடுங்க சிஸ்டர்!" என்றார் அண்ணன். விட்டேன். பூசணிக்காய் எரிந்துகொண்டே போயிற்று. நானும் அதோடு போனேன். பாசிக் கல்லில் கால் வழுக்கி, ஓட்டத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கயிறு இழுபட்டது, நான்கு பெண்களும் கத்தினார்கள், ஊரே குலவையிட்டது. அதற்குமேல் யாரும் பொறுக்கவில்லை. பிள்ளைகள் தொப்தொப்பென்று குதித்தார்கள்.

டிரெய்லருக்கு முன்னால் என்னைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னார்:

"எங்க நைனாகூட உக்காரல சிஸ்டர்."

துண்டு

வெறுங்காலோடு இறங்கியதன் பலன் மூன்றாம் நாள் தெரிந்தது. என் குதிகாலில் ஒரு வேலிகாத்தான் முள். சீழ் வைத்துவிட்டது. பத்மாவதி அம்மாள் வீட்டில் காலைத் தூக்கி வைத்துப் பத்து நாள் கிடந்தேன். அண்ணன் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார், செருப்புப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோல் இல்லாமல். என் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து, மூன்று கட்டளைகளையும் நிதானமாக ஒப்பித்தார். 'லா'வை மறக்கவில்லை. அதற்கு மேல், "உங்கள நம்பி ஒரு கால வுட முடியுதா சிஸ்டர்?" என்று வேறு கேட்டார்.

நான் ஊர் திரும்பும் முன் அவருடைய புண் முழுதாக மூடிவிட்டது.

இந்த வருடமும் அங்கே நல்ல மழையாம். போன வாரம் தைப்பிங்கில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. கோடியில் தண்ணீர். நடுவில் ஏழுமலை அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டி, பூசணிக்காயோடு, வெறுங்காலோடு. போனைப் பிடித்திருந்தது அவர் மகன்.

"ஐயோ, ஏறுங்க அண்ணே! யார் இறங்கச் சொன்னது? ஏறுங்கலா!" என்று கத்தினேன். என் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

அவர் அவசரமே படாமல் பூசணிக்காயை விட்டார். கும்பிட்டார். கரையேறினார். நாற்காலி தயாராக இருந்தது. அஞ்சலை கீழே உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் தோளில் ஒரு புதுத் துண்டு. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அடிப்பாதத்தைத் திருப்பி, முள் கீறல் இல்லை என்று எனக்குக் காட்டினாள். பிறகு ஒவ்வொரு விரல் இடுக்காக, நான் காட்டிக் கொடுத்த மாதிரியே ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அவள் ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் துடைக்க, அண்ணன் ஏரிக்கரைக்கே கேட்கும்படி எண்ணினார்.

இடது காலில் மூன்று. அப்புறம் வலது கால். "ஆறு… ஏழு… எட்டு."

பிறகு போனுக்குள் குனிந்தார்.

"கொடுத்தது கொடுத்தபடி இருக்குது சிஸ்டர். நீங்களும் ஒரு தபா எண்ணிக்கோங்க."

எண்ணினேன். கண் மறைத்ததால் முதல் தடவை தப்பிவிட்டது. அஞ்சலையை இன்னொருமுறை துடைக்கச் சொன்னேன்.